வெளியே நிற்கும் கைகள்

…இல்லை, கால் வலியைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், இந்தப் பேச்சைத்தான் இன்றைக்குத் தாங்க முடியவில்லை, டீச்சருக்கு நாக்கே கனத்தது, ஆனாலும் பழகிய வாய் சும்மா இருக்குமா, அதுபாட்டுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தது, இதோ பாருங்கள், வளைவெல்லாம் உச்சியில் கூராகச் சேர்கிறது, கும்பிடும் கைகளைப் போல, இந்தப் பாணி எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தையது, நம் தேவாலயமோ அதைப் பார்த்து வெகுகாலம் கழித்துக் கட்டியது, அதாவது புதுசாகக் கட்டின பழசு… இந்த இடத்தில் கூட்டம் எப்போதும் சிரிக்கும், இன்றைக்கும் சிரித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதும் பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார் என்று ஒப்புக்கொண்ட வேலை, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது, பொழுதும் போகும், வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால்… வீடு. காலையில் மகன் கேட்டது மறுபடி வந்து முன்னால் நின்றது. ஷூவைக் கட்டியபடி, முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான். "அம்மா, உங்க வீட்டுல குடியிருக்கறவங்க காலி பண்றாங்க. வேற ஆள் பாக்கவா, இல்ல நீங்க… சாயங்காலம் சொல்லுங்க." அந்த 'இல்ல நீங்க'வுக்கு அப்புறம் என்ன? போய்விடுங்கள் என்றா? பெற்ற பிள்ளையின் வாயில் அந்தச் சொல் பாதியில் நின்றதே, அதையே மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? மருமகளின் பிரசவத்துக்குத் துணையாகப் பெட்டியோடு வந்தவள்தான், அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, பெட்டி பரண்மேல் கிடக்கிறது. போ என்றால் போகலாம், போய்விட்டால் யார் தாங்குவது அந்த வீட்டை? மருமகள் இருக்கிற இருப்புக்கு? ஆபீஸ் முடிந்து வந்தால் காரை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கக்கூடத் தெம்பில்லாமல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், டீச்சர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய், ஏம்மா அங்கேயே உக்காந்திருக்கே, உள்ளே வா என்று கதவைத் திறந்துவிட்டால்தான் வருகிறாள். இதைச் சாயங்காலம் மகனிடம் சொல்லிவிட வேண்டியதுதான், நான் இல்லாவிட்டால் உங்கள் வீடு சரிந்துவிடும் என்று நேருக்கு நேராக.

மேலே பாருங்கள், என்று வாய் அடுத்த பாடத்துக்குப் போனது. கூரை முழுக்க விலா எலும்புபோல ஓடுகிறதே, கல் என்றுதானே நினைக்கிறீர்கள், கல்லே இல்லை, நாணல் தட்டியில் சுண்ணாம்பைப் பூசிக் கல் நிறம் தீட்டியிருக்கிறார்கள், எல்லாம் மேலே இருக்கிற மரக்கூரையிலிருந்து தொங்குகிறது. சுவர் எழுந்த பிறகுதான் அடிமண் இளகல் என்று தெரிந்ததாம், கல் கூரையின் பாரத்தை இந்த மண் தாங்காது என்று விட்டுவிட்டார்கள். எல்லோரும் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தார்கள், வண்ணக் கண்ணாடியின் சிவப்பும் நீலமும் பெஞ்சுகள்மேல் விழுந்து கிடந்தன, டீச்சர் ஒரு பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலமாக இதையும் சொன்னேன் அதையும் சொன்னேன், இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஏன் தோன்றவில்லை? மத்தியானம் அந்த இன்ஜினியர் பெண்தான் சேர்த்துக் காட்டினாள். தெற்குச் சுவரின் வெடிப்பைப் பார்க்க வந்தவள், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள், சாரத்திலிருந்து இறங்கி வந்து தண்ணீர் கேட்டாள், டீச்சர் கொடுத்துவிட்டு, பெருமையாகத்தான், வெளியே வரிசையாகச் சுவரில் சாய்ந்து நிற்கும் கல் கைகளைப் பற்றி ஆரம்பித்தாள், கூரை சுவரை வெளியே தள்ளும், அதைத் தாங்கத்தான் இந்தக் கைகள் என்று. அவள் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "கூரைதான் கல் இல்லையே டீச்சர், அப்புறம் சுவரை யாரு தள்றா?" என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். முதலில் வந்த சாமியார் தன் ஊர்த் தேவாலயத்தின் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், வெளியிலிருந்து பார்த்து வரைந்த படம், கொத்தனார்களும் பார்த்துப் பார்த்து வெளிப்புறத்தை அச்சு அசலாக எழுப்பிவிட்டார்கள், கல் கைகளும் சேர்த்தி, பிறகு கல் கூரை வேண்டாம் என்று ஆனபோது கைகளை யாரும் இடிக்கவில்லை, படத்தில் இருக்கிறதே, நன்றாகவும் இருக்கிறதே. அந்தப் பெண் விரலால் சுவரைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "கை சுவரைத் தாங்கலை டீச்சர், சுவர்தான் கையைத் தாங்குது. கை தள்ளித் தள்ளி சுவரை உள்பக்கமா சாய்ச்சு வச்சிருக்கு." அப்படியானால் கைகளை எடுத்துவிட்டால் சுவர் நிமிர்ந்துவிடுமா என்று டீச்சர் கேட்டாள். "சொல்ல முடியாது. சாஞ்சே நின்னு பழகிடுச்சில்ல. மெதுவா, பாத்துப் பாத்துதான் எடுக்கணும்." அதற்குள் கூட்டம் வந்துவிட்டது, பேச்சு நின்றது, ஆனால் மனசு நின்றால்தானே… ராத்திரி மருமகள் கழுவி வைத்த பாத்திரத்தைப் பிசுக்கு போகவில்லை என்று மறுபடி கழுவுவோமே, அவள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாளே, குழந்தையை அவள் அதட்டினால் விடும்மா பாவம் என்று நாம் தூக்கிக்கொள்வோமே, அவள் ஒருநாளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, அத்தை நீங்க உக்காருங்க, அத்தை நீங்க படுங்க, அவ்வளவுதான். அதைப் பாசம் என்று எண்ணி உச்சி குளிர்ந்து போயிருந்தோமே, அது பாசம்தானா? சே, சுண்ணாம்புச் சுவருக்கும் என் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம், வயசானால் புத்தி இப்படித்தான் கண்டதையும் முடிச்சுப் போடும்.

வெளியே வந்து தெற்குப் பக்கம் நின்றதும், தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், எப்போதும் யாராவது கேட்பதைத்தான், கேட்டார், இந்தக் கல் கையெல்லாம் எதுக்கும்மா என்று. டீச்சர் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. "படத்துல இருந்துச்சு, அதான்" என்றாள். கூட்டம் இதற்கும் சிரித்தது, அவர்களுக்கென்ன, சிரித்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு நிறுத்தத்தில் உட்கார்ந்தாள், ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை, அடுத்ததிலும் எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது. மற்ற நாட்களில் எப்படியும் மருமகளுக்கு முன்னால் வீடு சேர்ந்துவிடுவாள், மாடி விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னல் ஓரம் நின்றுவிடுவாள்.

தெருமுனை திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது, மருமகளின் கார் அப்போதுதான் வாசலில் வந்து நின்றது. டீச்சர் விளக்குக் கம்பத்தருகே நின்றுவிட்டாள், கேட்டால் கால் வலி என்றுதான் சொல்வாள். காருக்குள் இருந்த முகம் குனிந்து மேலே மாடி ஜன்னலைப் பார்த்தது. ஜன்னல் இருட்டு. கார்க் கதவு உடனே திறந்தது, மருமகள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெளிக் கதவை இடுப்பாலேயே தள்ளித் திறந்து, குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டே படியேறினாள், இவளுக்கு இவ்வளவு பெரிய குரலா, இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து ஒருநாளும் கேட்டதில்லையே. உள்ளே குழந்தை கத்தியது, மகன் ஏதோ சொல்ல மூன்று பேரும் சிரித்தார்கள். டீச்சருக்கு அழுகை வந்தது, கோபமில்லை, கோபமாக இருந்தால்கூடத் தேவலை. கைப்பைக்குள் போன் அடித்தது. மகன். "எங்கம்மா இருக்கீங்க? இருட்டிடுச்சே, நான் வந்து கூட்டிட்டு வரவா?" குரலில் இருந்த கவலை பொய்யில்லை, பெற்றவளுக்குத் தெரியாதா. "வந்துட்டே இருக்கேன்பா" என்றாள், கம்பத்தில் கையை ஊன்றியபடி நகராமலே நின்றாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் போய் ஏதாவது ஒன்று சொல்லத்தான் வேண்டும், மெதுவாக எடுக்கச் சொன்னாளே அந்தப் பெண், சுவரைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்தோமே, சுவரை விட்டு எடுத்த பிறகு அந்தக் கை எதில் சாய்ந்து நிற்கும் என்று கேட்கத் தோன்றவில்லையே…