உன் வயதுள்ள நண்பர் ஒருவர்

ஸ்னேஹாவின் விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. அமெரிக்காவில், நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்குக்கூட இடம் தராத கல்லூரி அது. மார்க், கணித ஒலிம்பியாட் பதக்கம், ஏரித் தண்ணீரைச் சோதித்து எழுதிய கட்டுரை, இரண்டு ஆசிரியர்களின் கடிதம் எல்லாம் ஏற்றியாயிற்று. பாழாய்ப்போன கல்லூரி அதோடு விட்டதா? உன்னை நன்றாக அறிந்த, உன் வயதுள்ள நண்பர் ஒருவரின் கடிதமும் வேண்டுமாம். திங்கட்கிழமை கடைசித் தேதி. பெயரென்னவோ ஸ்னேஹா, மூன்று வாரமாக அந்தக் கட்டத்தில் போட ஒரு பெயர் கிடைக்கவில்லை.

இந்த லட்சணத்தில் சனிக்கிழமை காலை, வைட்ஃபீல்டில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல அவளைக் கூட்டிப்போய் நிறுத்தினார் கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் பள்ளி கவுன்சிலர் மௌரீன் மேடம். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஸ்னேஹாவை யாரும் கேலி செய்ய முடியாது. சொன்னதையெல்லாம் செய்தவள். அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சீனியர் வந்து இதே அறையில் இதே புத்தியைச் சொன்னான். மற்ற பிள்ளைகள் கைதட்டிவிட்டுக் கேன்டீனுக்குப் போனார்கள். இவள் ஒருத்திதான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

"லஞ்ச் தனியா சாப்பிடுங்க," என்றாள் இங்கிலீஷில். "ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு நிமிஷம் மிச்சம். வருஷத்துக்கு எண்பது மணி நேரம்."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். முன் பெஞ்சில் ஒரே ஸ்கேலை மாற்றி மாற்றி வாங்கிக் கோடு போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் எழுதிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி கை தூக்கினாள்.

"ஃப்ரெண்ட்ஸ் கோவிச்சுக்க மாட்டாங்களா அக்கா?"

"கொஞ்ச நாள் கோவிச்சுப்பாங்க. அப்புறம் விட்டுடுவாங்க."

வகுப்பே சிரித்தது. ஸ்னேஹா சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் பாஸ்கெட்பால் மைதானத்துக்குப் போய் அதிதியைப் பிடித்தாள். ஒரு காலத்தில் ஸ்கூல் பஸ்ஸில் பக்கத்து சீட். வர்த்தூர் கோடி டிராஃபிக்கில் பஸ் அரை மணி நேரம் நின்றாலும் இரண்டு பேருக்கும் பேச்சு தீராது. பள்ளிக்கூடத்தில் ஸ்னேஹா தமிழ் பேச இருந்த ஒரே ஆள் அதிதிதான். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் டெஸ்ட் இருக்கிறதென்று ஸ்னேஹா இயர்போனை எடுத்துக் காதில் மாட்டினாள். அதற்கப்புறம் தினமும் ஏதோ ஒரு டெஸ்ட் இருந்தது. மூன்று வருஷம் ஓடிவிட்டது.

விஷயத்தைச் சொன்னபோது அதிதி முகம் சுளிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"எழுதறேன்டி, அதுக்கென்ன. ஆனா என்ன எழுத? இப்ப உனக்கு என்ன பிடிக்கும், எதுக்குச் சிரிப்பே, எதுக்கு அழுவே, எனக்கு ஒண்ணும் தெரியாதே. நீயே எழுதி அனுப்பு. நான் என் பேர்ல ஏத்திடறேன்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். 'என் தோழி ஸ்னேஹா கடும் உழைப்பாளி' என்று ஆரம்பித்தாள். அடுத்த வரியில் ஒலிம்பியாட் வந்தது. அதற்கடுத்து ஏரி வந்தது. எல்லாம் விண்ணப்பத்தில் ஏற்கெனவே இருப்பவை. ஒரு தோழி மட்டுமே சொல்லக்கூடிய விஷயம் ஒன்றாவது தேறுமா என்று ஒரு மணி நேரம் யோசித்தாள். தேறவில்லை. இந்த மூன்று வருஷத்தில் அவளுக்கு நடந்த எதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் யாருமில்லை. ஹாலில் அவள் அப்பா ஷங்கர், "எல்லாம் முடிச்சிட்டா சார், ஒரு சின்ன ஃபார்மாலிட்டிதான் பாக்கி," என்று போனில் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தார். ஸ்னேஹா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அதையும் யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அதிதியைக் கூப்பிட்டாள்.

"எழுதிட்டியா?" என்றாள் அதிதி.

"இல்ல. நாளைக்கு ஃப்ரீயா? சும்மா... எங்கயாச்சும் போலாமா?"



"லெட்டருக்காகவா?"

"இல்லடி."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" குரலில் கோபம் இல்லை; தயக்கம்தான். "அப்ளிகேஷன அனுப்பிட்டுக் கூப்பிடு. அப்ப நம்பறேன்."

விதிப்படி பார்த்தால் கடிதம் கட்டாயமில்லைதான். ஆனால் அது இல்லாமல் அனுப்புவது கிணற்றில் போடுகிற மாதிரி என்று மௌரீன் மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூன்று வருஷ உழைப்பு. தான் எழுதிய கடிதத்தை அழித்தாள். கட்டத்தைக் காலியாகவே விட்டு, 'அனுப்பு' என்பதை அழுத்தினாள். திரை முழுக்கக் கலர் காகிதமாகக் கொட்டி அவளுக்கு வாழ்த்துச் சொன்னது.

உடனே அதிதிக்குப் போன் போட்டாள். ரிங் முழுவதும் போய் நின்றது. எடுக்கவில்லை.

இரண்டாவது தடவை யாரையும் கூப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அடித்தாள்.