படுத்துக்கிட்டே வந்த சென்டர்

இல்ல இல்ல, அவ நடந்தே வரல. படுத்துக்கிட்டுதான் வந்தா. ஸ்ட்ரெச்சர்ல, கால் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு. இருங்க, ஏன்னு சொல்றேன்.

அவளுக்கு டீம்ல பேரு கொக்கு. பத்து வருஷமா அந்த பாஸ்கெட்பால் கிளப்போட சென்டர். அதாவது கூடைக்குக் கீழயே நின்னு, இடி வாங்கி, விழுற பந்தையெல்லாம் புடிக்கிற வேலை. கிளப் பட்டியல்ல அவ உயரம் 188 சென்டிமீட்டர். அது எப்படி 188 ஆச்சுன்னா, முதல் நாள் அளக்கும்போது அவ கொண்டையும் போட்டிருந்தா, ஷூவும் போட்டிருந்தா, அளந்த மேனேஜர் கண்ணாடிய வீட்டுலயே விட்டுட்டு வந்திருந்தார். தானா வந்த உயரத்த யாராவது வேணாம்பாங்களா? கொக்கு வாயத் தொறக்கல.

இப்ப வந்தார் பாருங்க புது கோச். கையில டேப்லெட் இல்லன்னா அவருக்கு மூச்சே விட முடியாது. முதல் வாரமே சொல்லிட்டார்: எல்லாரையும் வெறுங்காலோட, கொண்டை இல்லாம திரும்ப அளக்கணும். சென்டர்னா 185. குறைஞ்சா காண்ட்ராக்ட் இல்ல.

கொக்கோட நிஜ உயரம் 184.

வேற ஒரு கிளப் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. "பட்டியல்ல 188 போட்டிருக்கே, எங்களுக்கு அது போதும், ரெண்டு வருஷம் சென்டரா ஆடுங்க"ன்னு. ஆனா அங்க குண்டூசி இல்லையே. இந்த டீம்லயே குள்ளமானவ, அதான் பேரு குண்டூசி. பத்து வருஷமா திரும்பிக்கூடப் பாக்காம பந்த வீசுவா, அது நேரா கொக்கு கைக்குத்தான் வரும். அவள விட்டுட்டுப் போறதுன்னா கொக்குக்கு ஒரு கைய கழட்டி வச்சுட்டுப் போற மாதிரி.

அப்பதான் கொக்கோட தங்கச்சிக்காரி வாயத் தொறந்தா. பிசியோ படிப்பு, கடைசி வருஷம். பாதி டாக்டர்னு நெனப்பு.

"அக்கா, தூங்கி எழுந்திரிக்கிறப்ப எல்லாருமே ஒரு சென்டிமீட்டர் கூடுதல் உயரம். நிக்க நிக்க முதுகெலும்பு அமுங்கும்."

அளந்து பாத்தா, சாயங்காலம் 184. காலையில எழுந்த உடனே 185.3. பல்லு விளக்கி, துணி காயப்போட்டுட்டு அளந்தா திரும்ப 184.4.

"அப்ப பல்லு விளக்கக் கூடாது"ன்னா குண்டூசி.

"நிக்கக் கூடாதுடி. பல்ல படுத்துக்கிட்டே விளக்கலாம்."

அப்படித்தான் முடிவாச்சு. அளக்குற அன்னைக்குக் காலையில ரெண்டு பேரும் கொக்க மெத்தையிலிருந்து அப்படியே உருட்டி, காலேஜ்லேர்ந்து தங்கச்சி கேட்டு வாங்கிட்டு வந்த ஸ்ட்ரெச்சர்ல போட்டாங்க. லிஃப்ட்ல நுழையல. நாலு மாடி, படிக்கட்டு. தங்கச்சி நெட்டை, குண்டூசி குட்டை. முன்னாடி குண்டூசி புடிச்சதால கொக்கு சறுக்குமரத்துல வர்ற மாதிரி வழுக்கி வழுக்கி வந்தா.

ரெண்டாவது மாடி அம்மா கதவத் தொறந்தாங்க. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "ஐயோ, என்னாச்சு பொண்ணுக்கு?"

"ஒன்னும் இல்ல ஆன்ட்டி, வேலைக்குப் போறேன்"னா கொக்கு, படுத்த வாக்குலயே.

வேன்ல ஏத்தி, ஸ்டேடியத்துல எறக்கி, அளக்குற ரூம் வாசல் வரைக்கும் ஒரு மில்லிமீட்டர் சிந்தாம கொண்டுவந்துட்டாங்க. சும்மா சொல்லக்கூடாது, அதுவரைக்கும் எல்லாம் பக்காதான். வாசல்ல நின்னாங்க கிளப் டாக்டர். ஸ்ட்ரெச்சரப் பாத்தாங்க, கொக்கப் பாத்தாங்க, பேனாவ எடுத்தாங்க. 'காயம். இந்த சீசன் ஆட முடியாது.'

மூணு பேரும் யோசிக்காத விஷயம் ஒன்னு இருந்துச்சு பாருங்க: ஸ்ட்ரெச்சர்ல வந்தா அடிபட்டவன்னுதான் ஊரே நெனைக்கும்.

"டாக்டரம்மா, அவ கல்லு மாதிரி இருக்கா"ன்னா குண்டூசி.

"அப்ப எந்திரிச்சு ஓடச் சொல்லு. பத்து ரவுண்டு. பத்து பந்து போட்டுக் காட்டட்டும்."

"முதல்ல அளந்துட்டு ஓடட்டுமே"ன்னு தங்கச்சி கெஞ்சினா.

"நான் கையெழுத்துப் போடாம அந்த ரூமுக்குள்ள ஈ கூடப் போகாது."

கொக்கு எந்திரிச்சா. வேற வழி? ஓடினா, ஆனா எப்படி ஓடினா தெரியுமா, தலையில தண்ணிக் குடம் வச்ச மாதிரி, ஆடாம அசங்காம. ஒவ்வொரு ரவுண்டுக்கும் தங்கச்சி "ஒரு மில்லி போச்சு, ரெண்டு மில்லி போச்சு"ன்னு பக்கத்துலயே ஒப்பாரி.

பத்து பந்து இருக்கே. கூடைக்குக் கீழ போனா குதிச்சாகணும். குதிச்சா அமுங்கும். அதனால கொக்கு தூரமா, மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளிய போய் நின்னா. காலத் தரையிலேர்ந்து எடுக்காம, சும்மா கையாலயே தூக்கிப் போட்டா. விழுந்துச்சு. குண்டூசி திரும்பிப் பாக்காம அடுத்தத வீசினா. அதுவும் விழுந்துச்சு. பத்துல எட்டு.

பத்து வருஷத்துல அவ அந்தக் கோட்டத் தாண்டினாலே பழைய கோச் "உள்ள போ"ன்னு கத்துவார். அதனால அவ அங்கேருந்து போடுவான்னு யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. அளக்குற ரூம்லேர்ந்து வெளிய வந்த புது கோச் டேப்லெட்ட இடுக்கிக்கிட்டு வாயப் பொளந்து நின்னுட்டார்.

டாக்டரம்மா 'காயம்'ங்கறத அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் அளந்தாங்க. 184.3.

கோச் அந்த நம்பர டேப்லெட்ல தட்டினார். "சென்டர் இல்ல"ன்னார். தங்கச்சி மூஞ்சி தொங்கிப் போச்சு. "ஆனா வெளிய நின்னு போடுற இடம் ஒன்னு இருக்கு. அதுக்கு உயரக் கணக்கு கெடையாது. ஒரு வருஷம்தான். பெஞ்சுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். நாளைக்குள்ள சொல்லு."

"சார், இவ்ளோ நாளா என்னோட 188..."

"அது கொண்டைன்னு நான் வந்த முதல் நாளே தெரியும்மா."

வீட்டுக்கு வந்து கொக்கு மறுபடியும் படுத்துட்டா. இந்தப் பக்கம் முப்பத்திரெண்டு வயசுல புது வேலை, பெஞ்சு, குண்டூசி. அந்தப் பக்கம் ரெண்டு வருஷம், தெரிஞ்ச வேலை, யாரும் அளக்காத 188.

"இன்னும் ஏன்டி படுத்திருக்க? இப்ப எந்திரிக்கலாமே"ன்னா குண்டூசி.

"எதுக்கும் இருக்கட்டும்"னா கொக்கு. "அங்கயும் திடீர்னு அளந்துட்டா?"

குண்டூசி மூலையில கெடந்த பந்த எடுத்தா. வழக்கம்போல அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே பந்த வீசினா. படுத்த வாக்குலயே கொக்கு ஒத்தக் கையில புடிச்சா.

ரெண்டு கிளப்போட காண்ட்ராக்ட் பேப்பரும் தலகாணிக்குப் பக்கத்துலயே கெடக்கு, பேனாவும் இருக்கு. நீங்க சொல்லுங்க, அவ எதுல கையெழுத்துப் போடணும்?