வானத்திலிருந்து குதித்த நண்பன்

ஆங்கில வகுப்பில் கட்டுரை: ‘என் நண்பன்’. நண்பனைப் பேட்டி கண்டு, அவன் சொன்னதை மேற்கோளாகச் சேர்க்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடமாகியும் எனக்கு அந்த வசதி ஏற்படவில்லை. எனவே ஒருவனைத் தயாரித்தேன். ஆறு இடத்தில் பேசவிட்டேன். இரண்டு இடத்தில் என்னைப் புகழ்ந்தான். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

மேடம் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “மேற்கோள் வானத்திலிருந்து குதிக்கக் கூடாது. பேசுவது யார் என்று முதலில் சொல். பிறகு காற்புள்ளி. பிறகு மேற்கோள்குறி.”

ஆசிரியர் அறைக்குப் போனேன்.

“யாருப்பா இவன்?”

“ஊருக்குப் போயிருக்கான் மேடம்.”

“எந்த ஊருக்கு?”

அதுவரை நான் யோசித்திருக்கவில்லை.

“ஆறு மேற்கோள்ல ஒரு தடவகூட உளறல. மனுஷங்க இப்படியா பேசுவாங்க? உயிரோட இருக்கிற ஒருத்தர் சொன்ன ஒரே ஒரு வரிய அஞ்சு மணிக்குள்ள கொண்டா. இல்லேன்னா பரீட்சை கிடையாது.”

மணி நாலரை. கேன்டீனில் மேசைக்கு மேசை பேச்சு, என்னிடம்தான் இல்லை. கால் தானாக ஜெராக்ஸ் கடைக்குப் போனது. ஜெராக்ஸ் அண்ணன்தான் நான் தினமும் பேசும் ஒரே ஆள். பேச்சும் ஒன்றுதான்: “ஒரு காப்பிண்ணே.”

“அண்ணே, உங்கள எனக்கு யாருன்னு போடட்டும்?”

“போலீஸ் கேஸாடா?”

“கட்டுரைண்ணே.”

“அப்ப கடைக்காரன்னு போடு.”

போட்டேன். காற்புள்ளி வைத்து, மேற்கோள்குறியைத் திறந்துவிட்டு நிமிர்ந்தேன்.

“இப்ப ஏதாவது சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல...” மெஷின் மூடியைத் துடைத்தார். “ஆமா, எல்லாப் பயலும் கூட்டாளிக்கும் சேர்த்து அஞ்சு, ஆறுன்னு எடுக்குறான். நீ மட்டும் ஏன்டா எப்பவும் ஒரே காப்பி?”

கடைசி வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். கேள்வி அவருடையது என்பதால் கேள்விக்குறியை உள்ளேயே வைத்து மூடினேன்.

ஒரு வரிதான். மேடம் வெகுநேரம் வாசித்தார்.

“காற்புள்ளி சரி. இதுக்கு நீ என்ன பதில் சொன்ன?”

“பதில் நீங்க கேக்கலையே மேடம்.”

கையெழுத்துப் போட்டார். “ரெண்டு காப்பி எடுத்துட்டு வா. ஒண்ணு ஃபைலுக்கு, ஒண்ணு ஆபீஸுக்கு.”

மறுபடியும் கடை.

“ரெண்டு காப்பிண்ணே.”

ஜெராக்ஸ் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

“பாத்தியா! ஒருத்தன் மாட்டிட்டான்ல?”

மெஷின் ஓடி முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் திருத்த மனம் வரவில்லை.