வெளியே கிடந்த ஆண் செருப்பு

அந்த மலை ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த முதல் விடுதியில் அறை காலியாகத்தான் இருந்தது. பலகையில் சாவிகள் தொங்கியதை ஆபரேட்டரம்மா தன் கண்ணாலேயே பார்த்தாள். எத்தனை பேர் என்று கேட்டார்கள். நான் ஒருத்திதான் என்றாள். உடனே அத்தனை சாவிக்கும் ஆள் வந்துவிட்டது. இரண்டாவது விடுதியிலும் இதே கதைதான்.

ஒரு பெரிய மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் தொலைபேசி இணைப்புக் கொடுத்து, போன மாதம் ஓய்வு பெற்றவள் அவள். ஊரார் குரலையெல்லாம் சேர்த்துவைத்தவளுக்குக் கல்யாணம் மட்டும் கூடிவரவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே வயது போயிற்று. பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மலையில் ஏறி, மேகத்தைக் காலுக்குக் கீழே பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அண்ணனிடம் போனில் சொன்னபோது, "இந்த வயசுல தனியா என்ன ஊர் சுத்தல்?" என்று அண்ணி பின்னாலிருந்து முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது. அப்படிப்பட்ட குரல்களைக் கேட்டே பழகிய காது. யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் நான்கு நாளுக்குக் கிளம்பிவிட்டாள்.

மூன்றாவது விடுதியின் மேனேஜர் கெட்டவர் இல்லை. முதலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பக்கத்து விடுதியில் எப்போதோ தனியாக வந்த ஒருவர் அறையிலேயே உயிரை விட்டாராம். போலீஸ், கோர்ட் என்று அந்த விடுதிக்காரர் அலைந்த அலைச்சலைப் பார்த்த இவருடைய முதலாளி, தனி ஆளுக்கு அறையே கிடையாது என்று சொல்லிவிட்டாராம். கூட யாராவது வருகிறார்களா என்று அவர் கேட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குளிர் எலும்பில் இறங்கியது.

"எங்க வீட்டுக்காரர் அடுத்த பஸ்ல வர்றார்" என்றாள். சாவி கைக்கு வந்தது.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டுமே. கடைத்தெருவுக்குப் போய் ஓர் ஆண் செருப்பு வாங்கி, புதுசு என்று தெரியாதபடி மண்ணில் தேய்த்து, அறை வாசலில் போட்டாள். வந்தவருக்கு உடம்பு முடியவில்லை, படுத்துவிட்டார் என்று மேனேஜரிடம் சொல்லிவைத்தாள். மறுநாள் காலை கூட்டிப் பெருக்கும் அக்கா செருப்பைப் பார்த்துவிட்டு இரண்டு டீ கொண்டுவந்தாள். அவள் காதில் விழட்டும் என்று, "வாங்க, ஆறிடப்போவுது" என்று ஆபரேட்டரம்மா காலி அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். கொடுத்த பிறகு, பதில் வருமோ என்பதுபோல் ஒரு கணம் காத்திருந்தாள். வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இரண்டு டீயையும் அவளே குடித்தாள்.

மேகத்தைப் பார்த்தாள். நினைத்ததைவிட அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற குடும்பம் படம் எடுத்துத் தரச் சொன்னது, எடுத்துக் கொடுத்தாள். உங்களை எடுக்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் உடைந்து, நகரக்கூட முடியவில்லை. போன் கட்டிலில். திறந்துவிட்ட குழாய் எட்டாத உயரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கத்தினாள், அந்த இரைச்சலில் குரல் எடுபடவில்லை. பெருக்கும் அக்கா வாசல்வரை வந்தாள். செருப்பைப் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டி உள்ளே இருக்கிறார்கள், நமக்கெதற்கு வம்பு என்று போய்விட்டாள். மேனேஜரும் இரண்டு முறை அந்தப் பக்கம் போனார். ஈரத் தரையில் கிடந்தவளுக்கு, செத்தாலும் இரண்டு நாளைக்கு யாருக்கும் தெரியாது என்று புரிந்தது. முப்பத்தோரு வருடத்தில் அவள் இணைப்புக் கொடுக்காத அவசரம் இல்லை. அவளுடைய அவசரத்துக்கு எதிர்முனையில் ஆள் இல்லை.

மதியம் மொட்டைமாடித் தொட்டி காலியானது. எந்த அறையில் குழாய் திறந்து கிடக்கிறது என்று பார்க்க ஆள் கிளம்பியது. தண்ணீர் நின்றுபோனதால் அவள் முனகலும் கேட்டது. ஆக, தேடி வந்தது தண்ணீரைத்தான். மனுஷி தற்செயலாகக் கிடைத்தாள்.

மருத்துவர் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போன பிறகு, மேனேஜர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சார் எங்கே என்று கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். அவர் முகம் சிவந்தது.

"பொய் சொல்லி ரூம் எடுத்திருக்கீங்களேம்மா. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா எங்க கதி என்ன?"

"தப்புதான் சார். ஆனா நெசத்தச் சொன்ன எடத்துல எல்லாம் சாவி இல்லன்னுட்டாங்க. நான் ஒண்டியா இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா, காலையிலயே கதவத் தட்டியிருப்பீங்க, இல்லையா?"

 பெருக்கும் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டியிருப்பேம்மா, சத்தியமா தட்டியிருப்பேன் என்றாள். நாளைக்கே காலி செய்துவிடுகிறேன் என்று ஆபரேட்டரம்மா எழ முயன்றாள். யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் நம்பரைச் சொல்ல வந்தவள், அண்ணியின் குரல் நினைவுக்கு வர, யாரும் வேண்டாம் சார் என்றாள்.

மேனேஜர் வராந்தாவுக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டார். அவர் பேசியது அறைக்குள் முழுசாகக் கேட்டது.

"சார், அந்தச் சட்டத்த எடுத்துடலாம். தனியா வர்றவங்கள வெளிய நிறுத்தினா நம்ம தலைவலிதான் தீரும், அவங்க உசுரு பொழைக்காது. ரூம் குடுத்துட்டு, ரெண்டு வேளையும் கதவத் தட்டி, சாப்ட்டீங்களான்னு ஒரு வார்த்த கேக்கணும் சார். அதுதான் பாதுகாப்பு."