நாலு நாக்கு மூடி

லெஸ்டர் கேட்டது பட்டடைக்கல். வந்தது பிளாஸ்டிக் மெஷின்.

சுனாமிக்கு முன்னால் கடற்கரையோர டச்பாரில் அவருக்கு ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. மட்டக்களப்புப் பறங்கியருக்குள்ளே இரும்பு வேலைக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கடல் வந்த அன்று அவரும் மனைவி பிலிஸும் பட்டணத்தில் ஞாயிறுப் பூசையில் இருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் வீடும் இல்லை, பட்டறையும் இல்லை, மூன்று பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பட்டடைக்கல்லும் இல்லை. வீடு போனதைக்கூட மனுசன் எப்படியோ தாங்கிக்கொண்டார். “அந்தக் கல்லக் கொண்டுபோய்க் கடல் என்ன இரும்பா அடிக்கப் போகுது?” என்று மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

நிவாரணக்காரர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். ஆறேழு மாதம் கழித்து லொறியில் வந்து இறங்கியது, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் அழுத்துகிற ஒரு கைமெஷின். “கல் எங்களிடம் இல்லை ஐயா, இதுதான் இருக்கிறது” என்று ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. பனிச்சையடியில் கொடுத்த புதுவீட்டின் விறாந்தையை அடைத்துக்கொண்டு மெஷின் நின்றது. பிலிஸ் அதன் நீண்ட கைபிடியில் உடுப்புக் காயப்போட்டாள்.

இதில் சிரிக்க என்ன கிடக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் அந்த வருசங்களில் அழுவதென்று உட்கார்ந்தால் எழும்ப முடியாது.

லெஸ்டர் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. பிளாஸ்டிக் என்றாலும் அச்சை இரும்பில்தானே வெட்ட வேண்டும்? அச்சு வெட்டினார். சோப்புப் பெட்டி ஊற்றினார், மூடவில்லை. சீப்பு ஊற்றினார், பல் நிற்கவில்லை. “தலைமயிர் இல்லாத ஆக்களுக்கு விக்கலாம்” என்றாள் பிலிஸ். அந்தச் சீப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழுசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் செட்டிபாளையத்துச் சின்னத்தங்கம் வந்து இறங்கினாள்.

சின்னத்தங்கம் இறால் சம்பல் செய்து விற்கிறவள். வறுத்து இடித்த கூனியிறாலும் மிளகாயும் சேர்ந்த அந்தச் சம்பலை மணந்தாலே இரண்டு கோப்பை சோறு கூடுதலாக இறங்கும். அவளுடைய புருசன் இளையதம்பி முன்பு கடலுக்குப் போனவன். அலை வந்த பிறகு கடல் இருக்கிற திசைக்கே முகம் கொடுக்கமாட்டான். வாவியில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டான். அவனை ஒருவரும் குறை சொல்லவில்லை, கண்டது அப்படி. ஆனபடியால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது சம்பலால்தான். அவள் செய்வாள், அவன் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்ப் பட்டணத்துச் சந்தையில் முகைதீன்பாவா காக்காவின் கடையில் கொடுப்பான்.

“லெஸ்டர் அண்ணன், இதப் பாருங்க,” என்று ஒரு பிளாஸ்டிக் பேணியைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். கழுத்துவரை இருக்க வேண்டிய சம்பல் இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. நடுவில் யாரோ தோண்டிய பள்ளம்.

“காக்கா இனி எடுக்கமாட்டாராம். கை வெச்ச சாமானை ஆர் வாங்குவா எண்டு கேக்காரு. அவரு நிப்பாட்டினா நாங்க பட்டினிதான் அண்ணன். ஆரும் துறந்தா எனக்குத் தெரியோணும். அப்பிடி ஒரு மூடி செஞ்சு தாங்க.”

“அதுக்கென்ன, ஒட்டிப்போட்டா முடிஞ்சுது.”

“ஒட்டினா வாங்கினவங்க என்னெண்டு தின்னுற? ஒரு மாசம் வெச்சுத் துறந்து துறந்து மூடவும் ஏலணும்.”

“நீ என்ன தங்கச்சி, பூட்டும் வேணும், பூட்டாமலும் இரிக்கோணும் எண்டுறாய்?”

“அதுக்குத்தானே உங்களிட்ட வந்த,” என்றாள் சின்னத்தங்கம். லெஸ்டர் அதோடு சரி. மூன்று வருசமாக ஒருத்தரும் அவரை நம்பி ஒரு வேலையும் தரவில்லை. சீப்பைத் தூக்கி எறிந்துவிட்டு அச்சுக்கு இரும்பு தேடப் போனார்.

அச்சை வெட்டினார், உடைத்தார், திரும்ப வெட்டினார். கடைசியில் பேணியும் மூடியுமாகத் தானே ஊற்றிவிட்டார். பேணியின் கழுத்தில் ஒரு காது. மூடியின் விளிம்பில் ஒரு நாக்கு. நாக்கைக் காதுக்குள் விட்டு அழுத்தினால் உள்ளே கொளுவிக்கொள்ளும். பிறகு அறுத்தால்தான் திறக்கலாம், ஒட்டவும் முடியாது. ஆனால் நாக்கு அறுந்த பிறகும் மூடி ‘படக்’ என்று இறுக்கமாக மூடும். வாங்கினவர் எத்தனை தரமும் திறந்து மூடலாம். பிலிஸ் அதை நாலைந்து தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, மெஷினில் கிடந்த உடுப்பை எடுத்துக் கொடியில் போட்டாள். அவள் பாராட்டுவது அப்படித்தான்.

லெஸ்டர் எல்லாவற்றையும் யோசித்தார், ஒன்றைத் தவிர. செட்டிபாளையத்துக்கும் சந்தைக்கும் இடையில் மூன்று செக்பொயின்ட் இருந்தது.

முதலாவதில் ஆமிக்காரன் பேணியைத் தட்டினான். திற என்றான். இளையதம்பி என்ன செய்வான், துப்பாக்கிக்கு முன்னால் நின்று மூடியின் அருமை பெருமையை விளக்குவானா? திறந்தான். அத்தனை பேணியிலும் நாக்கு அறுந்தது. முகைதீன்பாவா அறுந்த நாக்குகளைப் பார்த்தார், இளையதம்பியைப் பார்த்தார், முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

“அல்லாவே, இப்ப கை வெச்சது ஆமியா வேற ஆளா எண்டு நான் என்னெண்டு கண்டுபிடிக்கிற?”

லெஸ்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாட்டில் சாப்பாட்டுப் பேணிக்குப் பூட்டுப் போட்டவன் நான் ஒருத்தன்தான், திறக்கச் சொல்லித்தான் எல்லா இடத்திலும் ஆள் நிற்கிறானே என்று புலம்பினார்.

“அப்ப அவனுகளுக்கும் ஆளுக்கொரு நாக்கு வெச்சுக் குடுங்களன்,” என்றாள் பிலிஸ், கருவாட்டைப் பிய்த்துக்கொண்டே. சொன்னது பகிடிக்கு. லெஸ்டர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து மெஷினுக்குப் போனார்.

புது மூடிக்கு நாலு நாக்கு, பேணிக்கு நாலு காது. முதலாவது வீட்டில் பூட்டுவது, அதை முதல் செக்பொயின்டில் அறுப்பான். உடனே இரண்டாவதை அதன் காதுக்குள் விட்டுப் பூட்ட வேண்டும். அடுத்ததில் அது அறும், மூன்றாவதைப் பூட்ட வேண்டும். கடைசிச் செக்பொயின்ட் கல்லடிப் பாலம், அங்கே அதுவும் போகும். நாலாவது நாக்கோடு பேணி கடைக்குப் போய்ச் சேரும். மூன்று அறுந்து ஒன்று முழுதாக இருந்தால் சாமான் சுத்தம். நாலும் அறுந்திருந்தால் வழியில் யாரோ கள்ளன்.

கள்ளன் ஒரு கிழமைக்குள் பிடிபட்டான். நாலும் அறுந்த பேணி ஒன்றை முகைதீன்பாவா திருப்பி அனுப்ப, அதைக் கொண்டுவந்து சின்னத்தங்கத்தின் கையில் கொடுத்தவன் இளையதம்பி.

“நாலும் அறுந்திரிக்கு,” என்றாள் அவள்.

“பாலத்தில ரெண்டு தரம் பாத்தானுகள் புள்ள.”

“வாயத் துறங்க.”

திறந்தான். உள்ளே சிவப்பு.

“ஆமிக்காரன் எல்லாம் கிள்ளித் தின்னுட்டு நல்லமெண்டுறான்! கட்டின புருசன் நான் மட்டும் மணந்து மணந்து சைக்கிள் உழக்கோணுமாகா?” என்று பாய்ந்தான் இளையதம்பி. நியாயந்தான் என்று அவளுக்கும் பட்டது. அன்றிலிருந்து அவனுக்கென்று ஒரு சின்னப் போத்தலில் தனியாகக் கட்டிக் கொடுத்தாள். பிறகு சம்பல் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

சனத்துக்கு இந்த மூடி நன்றாகப் பிடித்துப்போனது. ஆனால் லெஸ்டர் நினைத்த காரணத்துக்காக இல்லை. அது குண்டுக் காலம். கேட்பாரில்லாமல் ஒரு சோற்றுப் பொட்டலம் கிடந்தாலே தெரு காலியாகும். பூட்டிய பேணி ஒன்றைக் கையில் எடுக்க யாருக்குத் துணிவு? இந்தப் பேணியில் மட்டும் மூன்று இடத்தில் திறந்து பார்த்த அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தது. நாலாவது நாக்கை ஒருத்தரும் பார்ப்பதில்லை. “மூணும் அறுந்திரிக்கா?” என்று கேட்டுத்தான் வாங்கினார்கள்.

அப்போது ஒரு மழைநாள் வந்தது. நடுச் செக்பொயின்டில் நின்றவன் காவல் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. போ போ என்று கையைக் காட்டினான். இளையதம்பியும் சந்தோசமாகப் போய்விட்டான். கடையில் ஆயிஷா உம்மா ஒரு பேணியை எடுத்தாள். கிழமை தவறாமல் வாங்குகிற மனுசி, கண்ணும் கூர்மை, குரலும் கூர்மை. நாக்கை எண்ணினாள்.

“ரெண்டுதான் அறுந்திரிக்கு! இது பாக்காத சாமான்!”

போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம். முகைதீன்பாவா கல்லாவைப் பூட்டாமல் ஓடினார். மரக்கறிக்காரர் ஓடினார்கள், மீன்காரர் ஓடினார்கள், ஏன் ஓடுகிறோம் என்று தெரியாதவர்கள் எல்லாருக்கும் முன்னால் ஓடினார்கள். குண்டு பார்க்கிறவர்கள் வந்து, மண்மூட்டை அடுக்கி, கயிறு கட்டி, அந்தச் சம்பல் பேணியை நடுத்தெருவில் வைத்து வெடிக்கவைத்தார்கள்.

சின்னத்தங்கத்தின் மிளகாய் சும்மாவா? சந்தை முழுக்கச் சிவப்புப் புகை. ஆமியும் பொலிசும் காக்காமாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்றாக இருமினார்கள். அத்தனை பேரும் சேர்ந்து அழுததை மட்டக்களப்பு அதற்கு முன் ஒரு நாள்தான் கண்டிருந்தது.

பின்னேரமே லெஸ்டரை ஆமி முகாமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே பொறுப்பான பெரியவரின் மேசையில் மூடி ஒன்று கிடந்தது. பெரியவரின் கண் இன்னும் சிவப்பு. மெஷினைப் பறிப்பார்களா, ஆளையே உள்ளே போடுவார்களா என்று லெஸ்டருக்குப் பயம். தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார்.

“இந்த மூன்று நாக்கும் யாருக்கு?”

“உங்களுக்கு, சேர்.”

“நாலாவது?”

“தின்னுறவருக்கு, சேர்.”

பெரியவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்படியென்றால் காசு கொடுக்கிறவன்தான் கடைசி,” என்றார். மழையென்றாலும் வெயிலென்றாலும் மூன்று இடத்திலும் கட்டாயம் அறுக்க வேண்டும் என்று கட்டளை போட்டார் பெரியவர். முகாமுக்கு இரண்டு பேணி அனுப்பவும் சொன்னார்.

ஆனால் அந்த ஒரு சொல் லெஸ்டரைப் போட்டு அரித்தது. கடைசி. எதற்காக இவ்வளவு பாடுபட்டார்? வாங்குகிற ஆள் தன் கையால் முதலில் திறக்க வேண்டும் என்றுதானே? அப்படி ஒரு பேணி அவர் கையிலிருந்து இன்னும் போகவில்லை.

சண்டை முடிந்தது. முடிந்த மறுநாளே செக்பொயின்ட் போய்விடவில்லை. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. ஒரு நாள் புது மூடிகளைச் செட்டிபாளையத்தில் கொடுத்துவிட்டு, லெஸ்டர் இளையதம்பியோடு கூடவே சைக்கிளில் திரும்பினார். முதலாவது இடத்தில் இளையதம்பி பழக்கதோசத்தில் இறங்கிப் பையை அவிழ்த்துக்கொண்டு நின்றான். கொட்டில் இருந்தது. உள்ளே ஒரு நாய் படுத்திருந்தது.

“ஏறு, ஆளில்ல.”

“ஆரும் வரட்டும் அண்ணன்.”

“ஆருடா வரப் போறான்?”

அடுத்ததிலும் ஆளில்லை. பாலத்திலும் இல்லை. பாலத்தடியில் இளையதம்பிக்கு வேர்த்துவிட்டது. “ஒண்டும் அறாமக் கொண்டுபோனா ஆர் எடுப்பா? முழுக்கத் திரும்பினா சின்னத்தங்கம் என்ன செய்வாள்? நானே மூணு மூணு நாக்கா அறுத்து விடுறன் அண்ணன், ஆருக்குத் தெரியும்?”

“கைய எடு!” என்று கத்தினார் லெஸ்டர். பாலத்தில் தூண்டில் போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இது தின்னுற ஆள் துறக்கிறதுக்குச் செஞ்ச மூடி. திரும்பினா என்ட மெஷினை வித்துச் சின்னத்தங்கத்துக்குக் குடுக்கிறன். கைய எடு!”

முகைதீன்பாவா பேணிகளைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “உள்ள கொண்டராத தம்பி. வெளிய வை.” கடையில் நின்ற சனம் மெல்ல ஒதுங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் ஆயிஷா உம்மா வந்து சேர்ந்தாள். இளையதம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் ஒரு பேணியை எடுத்தாள். எண்ணினாள். எண்ண ஒன்றும் இல்லை. ஒரு நாக்குப் பூட்டியபடி, மூன்று நாக்கு முழுசாக.

“ஒத்தரும் பாக்கல்லியா?”

“பாக்கிறதுக்கு ஒத்தரும் இல்ல உம்மா,” என்றார் லெஸ்டர். “மூணு இடத்திலயும் இல்ல.”

அவள் பையைக் கீழே வைத்தாள். லெஸ்டரைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பெருவிரலை நாக்குக்குக் கீழே கொடுத்து நெம்பினாள். ‘படக்.’ பின்னால் நின்ற இரண்டு பேர் குனிந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கழுத்துவரை சம்பல், மேலே ஒரு கோடுகூட இல்லை, சின்னத்தங்கம் கரண்டியால் தடவி விட்டபடியே கிடந்தது.

“முதல்ல என்ட கைதானா வாப்பா?”

“ஓம் உம்மா. உங்கட கைதான்.”

அவள் பேணியைப் பார்த்தபடியே நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. முகைதீன்பாவா பதறிப்போய், “என்ன உம்மா, உறைப்பா?” என்றார்.

“ஓம் மனே, சரியான உறைப்பு,” என்றாள் ஆயிஷா உம்மா. அவள் இன்னும் ஒரு கிள்ளுக்கூட வாயில் வைக்கவில்லை.