அசையாத கொழுந்தன்

அந்த இலையுதிர் காலத்துப் புயலுக்கு வெட்கம் என்பதே இல்லை. பட்டப்பகலில் பண்ணைக்குள் புகுந்து மரங்களை அம்மணமாக்கியது. அறுக்காத சோளத்தைப் பாய் மாதிரி விரித்துப் போட்டது. பக்கத்துப் பண்ணை வாத்துகளை வானத்தில் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனது.

பண்ணைக்காரிக்கு வாத்தா கவலை? அவளுடைய ஒரே பசு தொழுவத்தில் தலைச்சன் கன்றுக்கு முக்கிக்கொண்டிருந்தது; மேலே தகரக் கூரை துள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு ஆணி அடிக்கச் சொல்லிக் கோடை முழுக்க அவள் கெஞ்சியது, செத்துப்போன கணவனின் தம்பியிடம். "காத்து வரட்டும் அண்ணி, பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே உடம்பை வளர்த்தவன். அவன் புரண்டு படுத்தால் அடுக்களையில் பாத்திரம் உருளும்.

பசுவை இழுத்துக்கொண்டு நேராக அவன் அறைக்குள் நுழைந்தாள். பழைய தானியக் கிடங்கு. மாடு நுழைகிற அகலத்துக்கு இரட்டைக் கதவு வீட்டிலேயே அங்கே மட்டும்தான்.

"அண்ணி! இது என் ரூம்!"

"காத்து வந்துடுச்சு தம்பி. பாத்துக்கிறீங்களா?"

வெளியே கூரை முழுசாகக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. காற்றின் அடுத்த அடியில் அறைக் கதவின் தாழ்ப்பாள் தெறித்தது.

"கதவுக்கு முதுகைக் குடுத்து உக்காருங்க. அசையக் கூடாது!"

உட்கார்ந்தான். கதவு வாயை மூடிக்கொண்டது. இந்த ஒரு வேலைக்காகத்தான் ஆண்டவன் இந்த மலையைப் படைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, வெளியே நீண்ட கன்றின் முன்னங்கால்களில் கயிற்றைக் கட்டினாள். பசு முக்கும்போதெல்லாம் இழுத்தாள். கன்று வரவில்லை.

பிறந்ததிலிருந்து எதற்கும் எழுந்திராத கொழுந்தன் அப்போது பார்த்து எழுந்தான். "நானும் ஒரு கை புடிக்கிறேன் அண்ணி."

கதவு படாரென்று திறந்தது. மழை முகத்தில் அறைந்தது. மிரண்ட பசு கட்டிலை உதைத்து உடைத்தது.

"இப்பப் போயா சுறுசுறுப்பு வந்து தொலையுது? உக்காருய்யா!"

மரியாதை போன வேகத்தில் அவன் கதவோடு சேர்ந்து உட்கார்ந்தான். பசு அடங்கியது. சுவரில் காலை உதைத்து அவள் இழுத்த இழுப்பில் கன்று வழுக்கிக்கொண்டு வந்து மடியில் விழுந்தது. மூக்கைத் துடைத்தாள். தும்மியது.

சாயங்காலம் காற்று ஓய்ந்தது. கன்று தள்ளாடி நின்று பால் குடித்தது.

"நான் இல்லேன்னா கன்னு பொழைச்சிருக்குமா அண்ணி?"

இல்லை என்று சொல்ல வழியில்லாததுதான் கூரை போனதைவிட அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"போதும், எழுந்து சாணியை அள்ளுங்க."

"கதவு இன்னும் லேசா ஆடுற மாதிரி இருக்கு அண்ணி" என்றான் அவன், இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டு.