சகலைகளின் எட்டு டயர்கள்

மைத்துனிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று என் மனைவி தொலைபேசியில் சொன்னபோது, நான் என் மருந்துக் கடையில் இருமல் மருந்துப் புட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். புட்டியை வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்குப் பதிலாக அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். குழந்தை எனக்குத்தான் பிறந்திருக்கிறது என்று எண்ணி அவர் மனமார வாழ்த்தினார். திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அந்தப் பரபரப்புக்கு, குழந்தையைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது என்பதை நான் பணிவுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் மனைவியின் அக்காள் கணவர், அதாவது என் சகலை, தண்ணீர்ப் பம்பு நிறுவனமொன்றின் விற்பனைப் பிரதிநிதி. ஏழு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரியான கார்களை வாங்கினோம். நிறம் மட்டுமே வேறு. வாங்கிய அன்றே அவர் ஒரு பந்தயம் கட்டினார். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த டயர்களை யார் முதலில் மாற்றுகிறாரோ அவர் தோற்றவர். அவர் ஊர் ஊராகச் சுற்றுபவர். நான் கடைக்கும் வீட்டுக்குமாக உருட்டுபவன். என் ஓட்டத்தைப் பார்த்து எனக்கு ஆமை என்று பெயர் சூட்டியவரும் அவரே. ஆகவே வெற்றி எனக்குத்தான் என்று நம்பினேன். ஆனால் ஆண்டுகள் ஓடியும் அவருடைய டயர்கள் தேய்ந்ததாகத் தெரியவில்லை.

“டயர் தேயறது ரோட்டால இல்ல சகலை, ஓட்டுறவன் காலால. பிரேக்கை மெத்துனு மிதிக்கணும்” என்பார்.

நானும் மெத்தென்று மிதித்துப் பழகி, ஒருமுறை என் வீட்டு வாயிற்கதவையே இடித்தேன்.

இத்தனை காலமும் அது வெறும் வாய்ப்பந்தயமாகவே இருந்தது. மைத்துனி கருவுற்றபின் மாமனார் அதற்கொரு பரிசை அறிவித்தார். குழந்தை வீட்டுக்கு வரும் நாளில் டயர்களைச் சோதிப்பது. இருவருமே மாற்றாதிருந்தால் யாருடைய டயர் வரிகளில் பள்ளம் ஆழமோ, அதாவது யாருடையது குறைவாகத் தேய்ந்திருக்கிறதோ, அவர் குழந்தையை அழைத்துவருவது. மாமனார் பள்ளி ஒன்றின் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. குழந்தையின் தகப்பனிடம் இருப்பதோ மோட்டார் சைக்கிள்; அவர் போட்டியில் இல்லை.

சகலைக்கு இரண்டு மகள்கள். அவர்கள் பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஊர்வலங்களில் எனக்குக் கிடைத்த பதவி, வெந்நீர் ஃபிளாஸ்க்கைத் தூக்கி வருவது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு பச்சைக் குழந்தையை என் வண்டியில் வைத்து, சாலை என்பதே பஞ்சால் ஆனதோ என்று எண்ணும்படி ஓட்டி வரவேண்டும் என்ற ஆசை எனக்குள் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குழந்தை வீடு திரும்புவதற்கு முந்தைய நாள், என் மனைவி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையிலிருந்த துணியோடு நிமிர்ந்தாள்.

“என்னங்க, நம்ம டயருக்குப் பித்தவெடிப்பு வந்திருக்கு. உங்க கடையில களிம்பு ஏதாவது இருக்கா?”

குனிந்து பார்த்தேன். பள்ளங்கள் புதிது போல ஆழமாகவே இருந்தன. பக்கவாட்டு ரப்பரில் மட்டும் மெல்லிய கீறல்கள் சுற்றிலும் ஓடின. டயர் கடைக்கு விரைந்தேன். கடைக்காரர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ரப்பர் இறுகிவிட்டது என்றார். ஓட்டத்தால் தேய்வது ஒரு வகை. ஓடாமலே வயதாகிக் கெடுவது இன்னொரு வகை. வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்கு இரண்டாவதுதான் முதலில் வரும். பக்கவாட்டில் ஒரு சிறு கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களையும் காட்டினார். முதல் இரண்டும் டயர் பிறந்த வாரம். கடைசி இரண்டும் ஆண்டு. இதே அளவில் புதியவை வேண்டுமென்றால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மாமனார் வீட்டில் என் பட்டப்பெயர் ‘காலாவதி மாப்பிள்ளை’. பெண் பார்க்கப் போன அன்றே பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்த்ததால் வந்த பெயர். அப்படிப்பட்ட நான், ஏழு ஆண்டுகளாக நான்கு தேதிகளின்மேல் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறேன்.

மறுநாள் காலை மாமனார் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகளும் அருகருகே நின்றன. சகலையின் மகள்கள் மதில்மேல் ஏறிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து வீட்டார்கூட வெளியே வந்துவிட்டார்கள். மாமியார் ஃபிளாஸ்க்கை நிரப்பி வைத்துவிட்டு, யாருடைய கையில் கொடுப்பது என்று பார்த்தபடி நின்றார். உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தேன். அதற்குள் மாமனார் விசிலை ஊதிவிட்டார்.

மாமனார் ஒரு நாணயத்தில் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருந்தார். அதை என் டயர் பள்ளத்தில் நிறுத்தினார். கோடு முழுவதும் மறைந்தது. சகலையின் டயரில் நிறுத்தியபோது கோடு பாதி வெளியே தெரிந்தது.

“நடு மாப்பிள்ளை ஜெயிச்சாச்சு” என்று மாமனார் என் கையை உயர்த்தினார். மதில்மேல் கைதட்டல். ஆமை ஜெயித்துவிட்டது என்று சகலையின் சின்ன மகள் தெருமுனைவரை கேட்கும்படி கூவினாள்.

கோட்டைப் பார்க்க நான் சகலையின் சக்கரத்தருகே குந்தியிருந்ததால், அந்தச் சிறு கட்டம் என் மூக்குக்கு நேரே இருந்தது. பழக்கதோஷத்தால் படித்தேன். இன்னொரு முறை படித்தேன். எங்கள் கார்களை வாங்கி நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்த டயர் அது. நிமிர்ந்தபோது சகலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீசைக்குமேல் வியர்த்திருந்தது.

நான் எழுந்து நின்றேன்.

“மாமா, மன்னிக்கணும். என் டயர் காலாவதி. பள்ளம் இருக்கு, ரப்பர் செத்துடுச்சு. இதுல குழந்தையை ஏத்த மாட்டேன். அண்ணா வண்டியிலயே வரட்டும்.”

கைதட்டல் நின்றது. மாமனார் கீறல்களைத் தடவிப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்த்திராத கேள்வியைக் கேட்டார்.

“ரெண்டு வண்டியும் ஒரே நாள்ல வாங்கினதுதானே? அப்போ பெரிய மாப்பிள்ளை டயருக்கும் அதே வயசுதானே?”

பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் உரிமை என்னுடையதா என்பதுதான் தெரியவில்லை. மாமனார் காத்திருந்து பார்த்துவிட்டு, இரண்டுமே வேண்டாம், வாடகை வண்டிக்குச் சொல்லிவிடலாம் என்று தொலைபேசியை எடுத்தார். அது அவர் கையிலேயே ஒலித்தது. மருத்துவமனையிலிருந்து மைத்துனி. டிஸ்சார்ஜ் வேலையெல்லாம் முடிந்துவிட்டது, குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறோம், யார் வருகிறீர்கள் என்று கேட்டாள்.

“என் டயர் புதுசு” என்றார் சகலை.

எல்லோரும் திரும்பினோம்.

“மூணு வருஷம் ஆச்சு. மலையிறக்கத்துல ஒண்ணு வெடிச்சது. பொண்ணுங்க ரெண்டும் பின்னாடி இருந்தாங்க. அன்னைக்கே நாலையும் மாத்திட்டேன், அதே கம்பெனி, அதே டிசைன். பந்தயம் ஞாபகம் வந்ததே வீட்டுக்கு வந்த அப்புறம்தான். அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல.”

“தம்பியா பொறந்துட்டு இத்தனை நாளா அண்ணன் வேஷமா?” என்று மாமியார் அந்த டயரைப் பார்த்துக் கேட்டார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சகலையும் சிரித்தார், ஆனால் என் பக்கம் வந்து, பிறர் காதில் விழாதபடி, “நீ பார்த்துட்டேல்ல? ஏன் சொல்லல?” என்றார்.

“நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன் அண்ணா.”

மாமனார் விசிலை வாயில் வைத்தபடி, தீர்ப்பை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்கு வேலையில்லாமல் போயிற்று. சகலை தன் வண்டிச் சாவியை என் சட்டைப்பைக்குள் போட்டார்.

“ஜெயிச்சவன் நீ, நீயே ஓட்டு. வண்டி என்னுதா இருந்தா என்ன? ஆனா ஆமை, இன்னைக்கு மட்டும் நீ எவ்வளவு மெதுவாப் போனாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

விசில் ஒலித்தது.

மருத்துவமனை வாசலில் மைத்துனி குழந்தையோடு பின்னிருக்கையில் ஏறினாள். துணிச்சுருளுக்குள் சிவந்த முகம் ஒன்று கொட்டாவி விட்டது. வண்டியை மெல்ல நகர்த்தினேன். ஒவ்வொரு வேகத்தடையையும் தூங்குகிறவரைத் தாண்டிப் போவதுபோல் கடந்தேன். மிதிவண்டியில் சென்ற ஒருவர் எங்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

சகலை வாக்குத் தவறவில்லை. என் பக்கத்து இருக்கையில், வாயை இறுக மூடி, ஃபிளாஸ்க்கை மடியில் அணைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.